பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு? செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறோம். ஒருவர் புது விளக்கு வாங்கினால் அடுத்த நாளே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். உடனே போன் வரும்: என்ன விலை, எத்தனை வாட், எங்கே வாங்கினீர்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்லிச் சலித்ததால் எழுதி வைக்கிறேன். உப்பு, பாறை, வடிகட்டி எதையும் இங்கே தொடவில்லை. வெளிச்சம் மட்டும்.

பவளத்துக்கு நல்ல விளக்கு எது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். பொண்ணைப் பார்க்காமல் புடவை எடுக்கிற மாதிரியான கேள்வி இது. என்ன பவளம் வளர்க்கப் போகிறீர்கள், தொட்டி எவ்வளவு ஆழம், சித்திரையில் தண்ணீர் எவ்வளவு சூடாகும், இந்த மூன்றும் தெரிந்தால் விளக்கு தானாக முடிவாகிவிடும். முதலில் விளக்கை வாங்கிவிட்டு அதற்கேற்ற பவளம் தேடுகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதற்கான தண்டனையையும் அனுபவித்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

பவளம் விலங்குதானே? அதற்கு ஏன் செடிக்குப் போல வெளிச்சம்?

விலங்குதான். ஆனால் அதன் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. ஜூசாந்தெல்லே என்று பெயர். பாசி வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிக்கிறது, பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரம். ஆகவே நாம் விளக்குப் போடுவது பவளத்துக்காக அல்ல, அதன் குடித்தனக்காரருக்காக. இதைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். வெளிச்சம் குறைந்தால் பாசி பட்டினி, அதனால் பவளமும் பட்டினி. கூடினால் பாசி அளவுக்கு மீறி வேலை செய்து நச்சான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். தாங்க முடியாமல் பவளம் பாசியை வெளியே துப்பிவிடும். வெளுத்துப்போவது என்பது இதுதான்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் தெரிந்தவர் இருக்கிறார். கடலிலிருந்தே பவளம் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

கூடவே கூடாது. விளக்குப் பற்றிய பக்கத்தில் சட்டம் எதற்கு என்று கேட்காதீர்கள், விளக்கின் அளவை முடிவு செய்வதே இதுதான்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் முதலாம் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூட எடுத்துவந்து ஷோகேஸில் வைக்க முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அங்கே பவளப்பாறைகளை வெட்டிக் குவித்திருக்கிறார்கள். அந்தத் தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து வரும் கல் பவளங்களும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருபவை, காகிதம் இல்லாமல் தொடக்கூடாதவை. கடைக்காரர் "எல்லாரும் வச்சிருக்காங்க சார்" என்று சொல்வது காகிதம் ஆகாது. என்னிடம் இருப்பவை மஷ்ரூம், ஸோவாந்தஸ், லெதர், ஜீனியா ஆகிய மென்பவளங்களும் அவற்றின் உறவுகளும் மட்டும். இவை மேலே சொன்ன அட்டவணையில் இல்லை. ஆனாலும் பில்லோடுதான் வாங்கினேன். பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் விளக்குக்கு என்ன சம்பந்தம் என்றால், மென்பவளங்களுக்கு நடுத்தர வெளிச்சமே போதும். இணையத்தில் அமெரிக்காக்காரர்கள் காட்டும் பிரம்மாண்ட விளக்குகள் எல்லாம் அக்ரோபோரா போன்ற கல் பவளங்களுக்காக. அந்தப் பவளம் நமக்கு இல்லை என்றால் அந்த விளக்கும் நமக்கு வேண்டாம். சட்டமும் வெயிலும் மின்கட்டணமும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? எண்ணாகச் சொல்லுங்கள்.

அளவு 'பார்' என்ற அலகில் பேசப்படுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே அது. நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 2000.

தொட்டிக்குள் மஷ்ரூமுக்கு 30 முதல் 80 போதும். ஸோவாந்தஸ், ஜீனியா, லெதர் எல்லாம் 70-லிருந்து 150 வரை சௌகரியமாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க: அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை கொடுப்பார்கள். இவை கல்லில் எழுதிய எண்கள் அல்ல. ஒரே இனத்தில் ஒரு துண்டு 60-இல் விரியும், இன்னொன்று 120 கேட்கும், எந்தத் தொட்டியில் வளர்ந்து வந்தது என்பதைப் பொறுத்து.

ஒரே தொட்டிக்குள் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது. பாறை உச்சியில் 200 இருக்கும் தொட்டியில் மணல் தரையின் மூலையில் 50 இருப்பது சாதாரணம். நம் ஊர் வீட்டில் நடு முற்றத்தில் நின்றால் கண் கூசும், முற்றத்தை ஒட்டிய கூடமான பட்டாலைக்குள் வந்தால் நிழல், இரண்டாங்கட்டு அறைக்குள் போனால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். தொட்டியையும் அப்படி ஒரு வீடாகப் பாருங்கள். லெதர் முற்றத்தில் உட்காரும். ஸோவாந்தஸுக்குப் பட்டாலை. மஷ்ரூமைப் பின்கட்டு அறைக்கு அனுப்பிவிடுங்கள், மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒரு லிட்டருக்கு இத்தனை வாட் என்று கணக்குச் சொல்கிறார்களே?

டியூப்லைட் காலத்துக் கணக்கு. அன்று எல்லா டியூப்பும் ஏறக்குறைய ஒரே திறன், அதனால் வாட்டை வைத்து வெளிச்சத்தை ஊகிக்க முடிந்தது. இன்று இரண்டு 100 வாட் எல்.இ.டி. விளக்குகளில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் தரலாம், லென்ஸின் கோணம் மாறினாலே விழும் இடம் மாறிவிடும். வாட் மின்கட்டணத்தைக் கணக்கிட உதவும், அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாகப் பரப்பைப் பாருங்கள். நல்ல எல்.இ.டி. விளக்கு ஒன்று சுமார் 2 அடிக்கு 2 அடி இடத்தை ஒழுங்காக நிரப்பும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி (சுமார் 190 லிட்டர்) என்றால் ஒரே பெரிய விளக்கை நடுவில் வைப்பதைவிட இரண்டு சிறியவற்றைப் பிரித்து வைப்பது மேல். நிழல் விழாது, ஒன்று கெட்டாலும் மற்றொன்று ஓடும்.

அளக்க மீட்டர் வேண்டுமா? போனில் செயலி இருக்கிறதே?

போனும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டரும் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. நம் கண்ணுக்குப் பச்சைதான் மிகப் பிரகாசம், அடர்நீலம் மங்கல். பாசிக்கு நேர்மாறு. சூரிய வெளிச்சம் என்றால் லக்ஸை 54-ஆல் வகுத்தால் 'பார்' கிடைக்கும். அதே கணக்கை நீல எல்.இ.டி.க்குப் போட்டால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். "இன்னும் போதவில்லை" என்று ஏற்றிக்கொண்டே போய்ப் பவளத்தைச் சுட்டவர்கள் உண்டு.

சரியான கருவி தண்ணீருக்குள் இறக்கும் குவாண்டம் மீட்டர். அப்போஜி என்ற நிறுவனத்தின் எம்.க்யூ. 510 இந்தப் பொழுதுபோக்கில் பலரும் நம்புவது. விலை, ஒரு நல்ல விளக்கின் விலை. வாழ்நாளில் நான்கு முறை பயன்படுத்தும் பொருளுக்கு அவ்வளவு போட வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம், அல்லது மதுரை, சென்னைப் பக்கம் வைத்திருப்பவர்களிடம் ஒரு நாளைக்கு வாங்கிவரலாம். அளந்ததும் தொட்டியின் படம் ஒன்று வரைந்து எண்களைக் குறித்துவைத்துவிட்டால் விளக்கை மாற்றும் வரை அந்தத் தாள் போதும்.

ஏன் எல்லா ரீஃப் (பவளத் தொட்டி) விளக்கும் நீலமாகவே இருக்கிறது?

கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும், நீலம் தான் ஆழம் வரை போகும். அதற்கேற்ப வாழப் பழகிய பாசி நீலத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். அதன் பச்சையம் 430 முதல் 460 நானோமீட்டர் பகுதியில் வேலை செய்கிறது, பெரிடினின் என்ற இன்னொரு நிறமி நீலப்பச்சைப் பகுதியைப் பிடிக்கிறது.

இரண்டாவது காரணம் நம் கண்ணுக்காக. 450 நானோமீட்டர் நீலத்தில் பவளத்தின் ஒளிரும் புரதங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னும். இதில் ஒரு சுவையான செய்தி: ஆய்வகங்களில் செல்களுக்குச் சிவப்பு அடையாளம் போடப் பயன்படும் டி.எஸ்.ரெட் என்ற புரதத்தை மாஸ்கோ ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்டார்கள். அது கிடைத்தது டிஸ்கோசோமாவிலிருந்து. நம் தொட்டியில் மூலையில் கிடக்கும் சாதாரண மஷ்ரூம்தான் அது.

வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 6500 என்றால் பகல் வெள்ளை, 14,000 முதல் 20,000 வரை நீலம் கலந்தது என்ற அளவுக்குத்தான் அது சொல்லும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உள்ள விளக்கு என்றால் நீலத்தை ஏற்றி வெள்ளையைத் தாழ்த்தி உங்கள் கண்ணுக்கு இதமான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். "யு.வி. இருக்கிறது" என்று பெருமையாக எழுதியிருப்பது பெரும்பாலும் 400-க்கு மேற்பட்ட ஊதாதான்.

டி5 டியூப், மெட்டல் ஹாலைடு, எல்.இ.டி. எது?

செட்டிநாட்டில் எல்.இ.டி. மெட்டல் ஹாலைடு என்ற பழைய வகைப் பெரிய பல்பில், தண்ணீரில் விழும் அலைஅலையான ஒளிக்கோடுகள் அழகுதான், ஆனால் அடுப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி சூட்டைத் தண்ணீருக்குள் இறக்கும். டி5 சமமாகப் பரவும், நிழலே விழாது, எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் 9 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் டியூப் மாற்ற வேண்டும், பாதரசம் இருப்பதால் குப்பையில் போட முடியாது, சரியான நீல டியூப் இந்தப் பக்கம் கிடைப்பதும் இல்லை.

எல்.இ.டி.யும் சூடாகும். ஆனால் அந்தச் சூடு மேலே உலோகத் தகட்டு வழியாக அறைக்குப் போகிறது, தண்ணீருக்குள் அல்ல. அதுதான் வித்தியாசம்.

மின்சாமான் கடையில் கிடைக்கும் எல்.இ.டி. ஃபிளட் லைட் போதாதா?

மஷ்ரூமும் ஸோவாந்தஸும் மட்டும் என்றால் போதும். சிரிக்காதீர்கள். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல எல்.இ.டி.யின் மேல், நீலத்தில் ஒரு பகுதியை வேறு நிறமாக மாற்றும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசியதுதான். நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் கொடுத்தார்கள். ஆகவே 6500 கெல்வின் ஃபிளட் லைட்டுக்குள்ளும் 450 நானோமீட்டரில் ஒரு நீல மேடு ஒளிந்திருக்கிறது. 30 வாட் வெள்ளை ஒன்று, அலங்காரத்துக்கு விற்கும் நீல ஃபிளட் லைட் ஒன்று, இரண்டு டைமர். 2 அடித் தொட்டியில் நானே ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

குறை என்ன? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, விளக்கை உயர்த்தித் தாழ்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். பவளம் வளரும், ஆனால் மின்னாது. வாங்கும்போது சூடான மஞ்சள் வெள்ளையைக் கொடுத்துவிடுவார்கள், பெட்டியைப் பார்த்து 6500 என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் முற்றத்தில் நல்ல வெயில் விழுகிறது. அங்கேயே தொட்டியை வைத்தால் விளக்கே வேண்டாமே?

ஆசைப்பட வைக்கும் யோசனைதான். சூரியனைவிட நல்ல விளக்கு இல்லை. ஆனால் முற்றத்தில் அது ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தொட்டி மேல் நேராக நிற்கும், அந்த நேரத்தில் 2000 'பார்' கொட்டும், தொட்டி வெந்நீராகும். மிச்ச நேரமெல்லாம் நிழல். தைக்கும் ஆனிக்கும் கோணமே மாறிவிடும். திறந்த முற்றம் என்றால் ஐப்பசி மழையில் உப்பளவு இறங்கிவிடும், புறாக்கள் வேறு.

பட்டாலையின் உள்பக்கச் சுவரோரம் வையுங்கள். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் முற்றத்துக் காற்றும் சேர்ந்து அந்த இடத்தை வீட்டிலேயே குளிர்ந்த இடமாக வைத்திருக்கின்றன. அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாருக்குப் பவளம் தெரியாது, வெயில் தெரியும்.

சித்திரை, வைகாசியில் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். சூடும் வெளிச்சமும் தனித்தனிப் பிரச்சினை அல்ல. 26 டிகிரித் தண்ணீரில் 150 'பார்' தாங்கும் லெதர் அதே 150-ஐ 31 டிகிரியில் தாங்காது. சூட்டில் பாசியின் இயந்திரம் தடுமாறும், வழக்கமான வெளிச்சமே மிகையாகிவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-இல் பெருமளவு பவளம் வெளுத்தது கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றதால். சொந்தக் கடலிலேயே அந்த நிலை என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் கேட்க வேண்டாம்.

நான் செய்வது: பங்குனி கடைசியிலேயே விளக்கின் அளவை நான்கில் ஒரு பங்கு குறைத்துவிடுவேன். விளக்கு நேரத்தை மாலைக்குத் தள்ளுவேன். பிற்பகல் 3 மணிக்கு வீடு கொதிக்கும், அப்போது விளக்கும் எரிய வேண்டியதில்லை. மாலை 4-க்குப் போட்டு இரவு 11-க்கு அணைத்தால் பவளம் கோபித்துக்கொள்ளாது, அதற்குக் கடிகாரம் தெரியாது. தண்ணீர் மேல் சாய்வாக ஒரு சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் 2, 3 டிகிரி இறங்கும். ஆவியானது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. அதனால் தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி அளவைச் சரிக்கட்டியே ஆக வேண்டும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் நாக்குக்கு இனிக்கும், தொட்டிக்கு அதுவும் ஆகாது.

விசிறியும் நேர மாற்றமும் போதாத வீடுகளில், தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர்தான் வழி. விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைச் சில்லருக்கு மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். குளிர்ந்த தொட்டியில் சுமாரான விளக்கு, சூடான தொட்டியில் உயர்ந்த விளக்கை எப்போதும் ஜெயிக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

8 முதல் 10; மேலே சொன்ன கோடை மாதங்களில் மட்டும் 7. வெளிச்சம் குறைவு என்பதற்காக 14 மணி நேரம் எரிய விடுவதில் ஓரளவுக்கு மேல் பயனில்லை. கணக்கின்படி 150 'பார்' 9 மணி நேரம் எரிவதும் 200 'பார்' ஆறே முக்கால் மணி நேரம் எரிவதும் மொத்தத்தில் ஒன்றே. ஆனால் இருட்டும் தேவை. டைமர் இல்லாமல் கையால் போட்டு அணைக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் புரிந்துவிடும்.

புது விளக்கு வாங்கிவிட்டேன். முதல் நாள் எவ்வளவு வைக்கலாம்?

இதோ என் கதை. 3 அடித் தொட்டிக்கு 165 வாட் கருப்புப் பெட்டி விளக்கு ஒன்று வாங்கினேன். விற்றவர் "ஃபுல்லா போடுங்க, அப்பத்தான் கலர் வரும்" என்றார். மாதம் சித்திரை. அதுவரை மங்கலான டியூப்பில் வாழ்ந்த பவளங்கள். மூன்றாம் நாள் மஷ்ரூம்கள் பொத்தான் அளவுக்குச் சுருங்கின. ஐந்தாம் நாள் லெதர் பழைய வேட்டி நிறத்துக்கு வந்தது. அப்பத்தா பார்த்துவிட்டு, "என்னப்பா, சோறு வடிச்ச கஞ்சி மாதிரி ஆயிருச்சு" என்றார். லெதர் மீண்டுவர நாலு மாதம் ஆயிற்று. மஷ்ரூமில் பாதி வரவே இல்லை.

ஆகவே 30 சதவீதத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள். பவளம் நன்றாக விரிந்து நிறத்தோடு இருக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், 100 வரை போயே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை. என் 165 வாட் விளக்கு இன்றுவரை 45-ஐத் தாண்டியதில்லை. அதாவது பாதி விளக்குக்குத் தண்டமாகப் பணம் கொடுத்திருக்கிறேன். புதிதாக வாங்கிவரும் பவளத்தையும் முதலில் கீழே, ஓரத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் மேலே கொண்டுவாருங்கள்.

வெளிச்சம் கூடுதலா குறைவா என்று பவளத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஸோவாந்தஸின் தண்டு நீண்டு கழுத்தை நீட்டுகிற மாதிரி நின்றால் வெளிச்சம் தேடுகிறது. மஷ்ரூம் கிண்ணம் போல மேல்நோக்கி விரிந்தாலும் அப்படியே. நிறம் பழுப்பாக அடர்ந்தால், குறைந்த வெளிச்சத்தைப் பிடிக்கப் பாசி பெருகியிருக்கலாம். தண்ணீரில் நைட்ரேட் கூடினாலும் அதே பழுப்பு வரும். மாறாக வெளிறுவது, சுருங்குவது, ஓரம் சுருண்டு பாறை நிழலுக்குள் நகர்வது எல்லாம் மிகை வெளிச்சத்தின் அடையாளம்.

லெதர் மட்டும் ஏமாற்றும். திடீரென மூடிக்கொண்டு மெழுகுப் படலம் போர்த்தி நாலைந்து நாள் உம்மென்று இருக்கும். அது தோல் உரிக்கிறது. அப்போது விளக்கில் கை வைக்காதீர்கள்.

விளக்கை எப்படித் தொங்கவிடுவது? கூரையில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதே.

கொக்கி தாங்கும். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து நீளக் கம்பி இறக்கினால் காற்றில் ஆடும். தொட்டி ஸ்டாண்டிலேயே இரும்புக் கை ஒன்று வைத்து, தண்ணீர் மட்டத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் மேலே நிறுத்துங்கள். பளிங்கு மாதிரித் தேய்த்த சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டுவிட்டுப் பிறகு அந்தப் பூச்சு வேலை தெரிந்தவரைத் தேடி அலையாதீர்கள். தரை ஆத்தங்குடிக் கல் என்றால் உப்புத் தண்ணீர் சொட்டிய இடத்தை உடனே துடைக்க வேண்டும், விட்டால் மெருகு போய் வெள்ளைத் திட்டு நிற்கும்.

வயரிங் பற்றி விளையாட்டே வேண்டாம். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குத் தனி எர்த் இழுத்து, கசிவு வந்தால் வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வயர் வழியே ஒழுகும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

விளக்கின் முகத்தில் உப்புத் தூசி படியும். வாரம் ஒருமுறை அணைத்துவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். மேலே கண்ணாடி மூடி போடுவதைவிட வலை மூடி நல்லது, வெளிச்சமும் குறையாது, சூடும் வெளியேறும்.

மின்கட்டணம்? மின்வெட்டு?

100 வாட் விளக்கு 9 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.9 யூனிட், இரண்டு மாதத்துக்கு 54. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே தின்றுவிடும். சில்லர் இதைவிடப் பெரிய ஆள்.

மின்வெட்டில் விளக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு நாள் முழுதும் இருட்டாக இருந்தாலும் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது, கடலிலும் மேகமூட்டம் உண்டு. நீரோட்டம் நின்றால்தான் ஆபத்து, சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும். இன்வெர்ட்டரில் பம்பை மட்டும் இணையுங்கள்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊர் வீடு பூட்டியே கிடக்கும், திருவிழா, விசேஷத்துக்குத்தான் வருவோம். டைமர், வைஃபை எல்லாம் வைத்து அங்கே தொட்டி வைக்கலாமா?

வேண்டாம். வைஃபை விளக்கைக் கூட்டும் குறைக்கும், ஆவியான தண்ணீரை ஊற்றாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியோடு இந்தப் பொறுப்பையும் கொடுப்பது நியாயமும் இல்லை. முகப்பில் தொட்டி வைத்தால் வருகிறவர்கள் அசந்துபோவார்கள் என்ற எண்ணம் புரிகிறது. அதற்குத் தேக்குத் தூண்களே போதும்.

விளக்கை மாற்றியதிலிருந்து பாறையெல்லாம் பச்சைப் பாசி. வெள்ளையை அணைத்துவிடவா?

வெளிச்சம் இந்தப் பாறைப் பாசிக்கு அடுப்பு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் அரிசி. அரிசியைக் குறையுங்கள்: தீனியை அளந்து போடுங்கள், தண்ணீரை மாற்றுங்கள். விளக்கு நேரத்தை இரண்டு மணி குறைப்பது தற்காலிகமாக உதவும்.

நீல விளக்கில் போன் படம் முழுக்க நீலமாக வருகிறது. இரவில் நிலா விளக்கு வேண்டுமா? குழந்தைகள் விளக்கையே உற்றுப் பார்க்கிறார்கள்.

லென்ஸ் முன்னால் ஆரஞ்சு நிற ஜெல் தாள் ஒன்றைப் பிடியுங்கள், படம் சரியாக வரும். நிலா விளக்கு நம் ஆசைக்கு, பவளம் வளர அது தேவையில்லை. அப்படியே போட்டாலும் இரவு முழுதும் எரிய விடாதீர்கள். அடர்நீல எல்.இ.டி.யை நேராக உற்றுப் பார்ப்பது கண்ணுக்கு நல்லதல்ல, கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் அதன் வலு உறைக்காது. குழந்தைகள் நிற்கும் உயரத்திலிருந்து பார்த்தால் பல்பு தெரியாதபடி விளக்கின் ஓரத்தில் கருப்பு அட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பழைய காலண்டர் அட்டைதான் ஒட்டியிருக்கிறது.